பெர்மெட் படித்த பக்கம்

பிஷ்கேக், செப்டம்பர் 22

பெர்மெட்டின் அப்பாவுக்கு,

வண்டி ஏற்றிவிடக்கூட வராத மனிதருக்கு முதல் கடிதத்தையும் நானேதான் எழுத வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மலையில் உங்கள் போனுக்கு சிக்னல் கிடைக்காது. எனக்கோ சொல்லாமல் இருந்தால் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

ஊர் அஞ்சலகத்தில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவள் நான். அஞ்சலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது என் கடிதம், இந்தத் தலைநகருக்கும் நம் ஊருக்கும் ஓடுகிற ஷைலோவின் வேனில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து வருகிறது. பார்த்தீர்களா கூத்தை!

வகுப்பு தொடங்கிவிட்டது. பெண்கள் மையத்தில் ஒரு அறை, பழைய கம்ப்யூட்டர்கள், என்னைப்போல் வேலை போனவர்கள். சொல்லிக்கொடுக்கிற பெண் ஜில்திஸ், என் கடைசித் தங்கை வயது. கையில் பிடித்து நகர்த்துகிற அந்தச் சாமானுக்கு எலி என்று பெயர். நம் வீட்டு எலி போலவே அதுவும் நான் சொன்ன இடத்துக்குப் போகமாட்டேன் என்கிறது. நேற்று பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார்கள். யாருக்கும் தெரியாத, நான் மறக்கவே முடியாத ஒன்றாக இருக்க வேண்டுமாம். என்ன வைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நம் பெர்மெட் பிறந்த தேதிதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவளைக் கீழே அத்-பாஷி டவுனில் உங்கள் அண்ணன் வீட்டில் விட்டது பள்ளிக்கூடத்துக்காக. அதற்கு மட்டும்தான். அவள் பிறந்த அன்றே, "எங்களுக்குக் குடுத்துடு சாய்ரா, உனக்கு அடுத்தது பொறக்கும்" என்று ஓரகத்தி கேட்டாள். பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி பிள்ளையைக் கொடுப்பது நம் ஜனங்களுக்குப் புதிதில்லை, தெரியும். நான் மாட்டேன் என்றேன். அடுத்தது பிறக்கவில்லை. ஏழு வருஷமாக அந்த வீட்டில் எனக்கு ஊற்றுகிற தேநீர்கூட ஆறித்தான் வருகிறது.

கிளம்பும்போது நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள், "யாருக்கும் குடுக்கமாட்டேன், போ" என்று. கத்திக்கொண்டுதான் சொன்னீர்கள், இருந்தாலும் வாக்கு வாக்குதான். எனக்கு ஒரு வேலை, ஒரு அறை. கிடைத்ததும் வந்து என் பிள்ளையை அழைத்துப்போவேன். நீங்களும் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வீட்டுக்குப் போன் செய்தால் "புள்ள தூங்குது" என்கிறாள் ஓரகத்தி. பகல் மூன்று மணிக்கு எந்தப் புள்ளை தூங்கும்?

சாய்ரா


மலை, அக்டோபர் 5

பெர்மெட்டின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. முட்டைக்கோஸ் வாசனையோடு வந்தது.

வண்டி ஏற்றிவிட வரவில்லை என்கிறாய். வந்தேன். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நின்றேன். நீ ஷைலோவிடம் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். பெண்டாட்டி ஊரைவிட்டுப் போவதைப் பார்க்கப் புருஷன் கூட்டத்தில் நிற்க வேண்டுமா? வெட்கமாக இருந்தது.

எனக்கு உன்னளவுக்கு எழுத வராது. ஆடுகள் நன்றாக இருக்கின்றன. ஓநாய் ஒரு தடவை வந்தது, நாய் பார்த்துக்கொண்டது. ரொட்டியை நானே சுடுகிறேன். நாய்கூட முகர்ந்துவிட்டுப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை கீழே போயிருந்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள். அண்ணி அவளுக்குத் தலையில் வெள்ளை ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். "எங்க அம்மா கம்ப்யூட்டர் படிக்கிறாங்க, ஊர்லயே அவங்கதான் மொதல்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இதை உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

வாக்கை ஞாபகப்படுத்த வேண்டாம். நான் மறக்கிற ஜாதி இல்லை.

ஊரில் கேட்கிறார்கள், "பெண்டாட்டிய ஓட்டிவிட்டியா கலிபெக்?" என்று. நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.

கலிபெக்


பிஷ்கேக், அக்டோபர் 19

பெர்மெட்டின் அப்பாவுக்கு,

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நின்ற மகானுபாவருக்கு வணக்கம். அதைப் படித்துவிட்டு வகுப்பில் அழுதேன். ஜில்திஸ் கம்ப்யூட்டர் வரவில்லை என்று அழுகிறேன் என நினைத்து, "விடுங்கக்கா, எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான்" என்று தோளைத் தட்டினாள்.

இன்று சிரித்து மாய்ந்த கதையைக் கேளுங்கள். வேலை தேடுகிறவர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு தளம் இருக்கிறது. அதில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளிகள் அதைப் பார்த்துக் கூப்பிடுவார்களாம். "என்னைப் பற்றி" என்று ஒரு கட்டம். யார் என்று கேட்டால் நமக்கு என்ன சொல்லத் தெரியும்? அப்பா பேர், தாத்தா பேர், அவருடைய அப்பா பேர் என்று ஏழு தலைமுறையையும் வரிசையாக எழுதினேன். எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டேன் என்று எழுதினேன். புகுந்த வீட்டுப் பெரியவர் பேரை வாயால் சொல்லக் கூடாதே, விரலால் எழுதலாமா என்று யோசித்து, "மூத்தவர்" என்று போட்டேன். கடைசியில் நம் ஆடுகள் எத்தனை என்பதையும் சேர்த்தேன்.

ஜில்திஸ் வந்து பார்த்தாள். "அக்கா, கம்பெனிக்காரன் வேலைக்கு எடுக்கப்போறது உங்களையா, உங்க ஏழு தாத்தாவையுமா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "ஏழு தலைமுறை பேர் தெரியாதவன் அடிமைன்னு எங்க அப்பா சொல்வாரு, தெரிஞ்சுக்கோ" என்றேன். "தெரியுங்கக்கா, எங்க அப்பாவும் அதேதான் சொன்னாரு. அவரே என் பக்கத்தப் பாத்துட்டு ஒரு வாரம் பேசல" என்றாள். அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினேன், ஏழு பேரும் போய்விட்டார்கள். அப்பா மன்னிக்கட்டும்.

ஒரு வரியை மட்டும் விடவில்லை. இப்போது என் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "நான் பெர்மெட்டின் அம்மா. கடிதங்களையும் மனிதர்களையும் காக்கவைக்காதவள்." அதற்குக் கீழே அஞ்சலக வேலை, டைப்பிங், ரஷ்ய மொழி, எல்லாம். பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் நீலக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டேன். முக்காடு இல்லை. திட்டாதீர்கள். பாங்க் மேனேஜர் போல இருக்கிறேன்.

டவுன் நூலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற சோனுன் அக்காவிடம் என் பேரைச் சொன்னால் திறந்து காட்டுவார்கள். அடுத்த தடவை கீழே போகும்போது பெர்மெட்டையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அவள் பேர் அத்தனை பெரிய எழுத்தில் இருப்பதை அவள் பார்க்க வேண்டும்.

சாய்ரா


மலை, நவம்பர் 4

பெர்மெட்டின் அம்மாவுக்கு,

ஏழு தாத்தாவும் போனார்கள், ஆடும் போனது, முக்காடும் போனது. மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

நூலகத்துக்கு இந்தத் தடவை போக முடியவில்லை. பனி முந்திக்கொண்டது, தீவனம் ஏற்றுவதிலேயே பொழுது போய்விட்டது. பிள்ளையிடம் சொன்னேன். அன்றிலிருந்து குதிக்கிறாள். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். கடைப் பலகை, மாவு மூட்டை, ஷைலோவின் வேன் நம்பர், எதையும் விடுவதில்லை. "ம... ரு... ந்... து... க் க... டை" என்று தெருவில் நின்று கத்துகிறாள். "எங்க அம்மா பக்கத்த நானே படிப்பேன், யாரும் படிச்சுச் சொல்லக் கூடாது" என்கிறாள்.

நீலக் கோட்டை நானும் பார்க்க வேண்டும். வீட்டில் ராத்திரி உன் பேச்சுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கலிபெக்


பிஷ்கேக், நவம்பர் 20

பெர்மெட்டின் அப்பாவுக்கு,

பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இந்த வாரம் மனசு சரியில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பக்கத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் கேள்வியே, "பெர்மெட் யாரு? உங்க பொண்ணா? எத்தன வயசு?" ஏழு என்றதும், "காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்குவா? நீங்க லீவு போடுவீங்களா?" நான் ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால், "அப்ப அடிக்கடி ஊருக்குப் போவீங்க" என்கிறார்கள். அப்புறம் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிடுகிறார்கள். ஒருத்தரும் மறுபடி கூப்பிடவில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. எப்படி என்று கேட்டேன். சொன்னார்கள்.

என் பக்கத்தில் ஒன்றிரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். சும்மா, வேலைக்காகத்தான். நீங்கள் இப்போது நூலகத்துக்குப் போக வேண்டாம். இந்தப் பனியில் இன்டர்நெட் வேறு சரியாக வராது, பிள்ளை ஏமாந்துபோவாள். வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன். அப்போது பார்க்கலாம்.

பெர்மெட்டுக்கு முத்தம். நான் தினமும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

சாய்ரா


பிஷ்கேக், டிசம்பர் 6

பெர்மெட்டின் அப்பாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது!!

பார்சல் அனுப்புகிற கம்பெனி. திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாருடைய பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். அஞ்சலக வேலையேதான், பசை மட்டும் இல்லை. "உங்க பக்கம் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு" என்றார் மேலாளர் அம்மாள்.

மையத்துக்குப் பின்னால் ஒரு கிழவர் வீட்டில் அறை பார்த்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடம். மணி அடிப்பது கேட்கிறது. அவளுக்கு ஒரு சின்னக் கட்டில் வாங்கி ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறேன். நான் தரையில் படுத்துக்கொண்டு வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறேன். பைத்தியம் என்று சிரிப்பீர்கள்.

உங்களிடமிருந்து ஏன் கடிதம் இல்லை? ஷைலோ இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தார். கேட்டால் வேறு பக்கம் பார்க்கிறார். உடம்புக்கு ஏதாவதா? நவம்பர் இருபதில் எழுதியது வந்ததா இல்லையா?

புது வருஷ விடுமுறைக்கு வருகிறேன். அவள் சாமானைக் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

சாய்ரா


அத்-பாஷி, டிசம்பர் 8

சாய்ராவுக்கு,

உன் நவம்பர் கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. பனியில் மலைப்பாதை அடைத்துவிட்டது, அதனால் அண்ணன் வீட்டிலேயே கிடந்திருக்கிறது. போன வாரம் நான் வேறு வழியாகக் குதிரையில் இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நூலகம் போனேன். உன் கடிதத்தை முதலில் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணியும் கடைக்குப் போகிற வழியில் கூட வந்தாள். பிள்ளை ரிப்பன் கட்டியிருந்தாள். சோனுன் அக்கா உன் பக்கத்தைத் திறந்தார்கள். நீ நீலக் கோட்டில் இருந்தாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. அழகாக இருந்தாய். "அம்மா!" என்று கத்தி, பிள்ளை திரையைத் தொட்டாள். "யாரும் சொல்லாதீங்க, நான் படிக்கிறேன்" என்று நாற்காலிமேல் ஏறி நின்றாள். நூலகத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேரைத் தேடினாள். காணோம். சரி என்று முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"தி... ரு... ம... ண... ம்... ஆ... கா... த... வ... ர்." அவளுக்கு அர்த்தம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். "கு... ழ... ந்... தை... இ... ல்... லை." அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அப்பா, நான் சரியாத்தானே படிச்சேன்?" என்றாள்.

சரியாகப் படித்தாள் சாய்ரா. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிவைத்துச் சமாதானம் செய்திருப்பேன். நாற்காலியைவிட்டு இறங்கி அண்ணியிடம் போனாள். "பெரியம்மா, ஒங்களுக்கும் கொழந்த இல்லதானே?" என்று கேட்டாள். அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப நான் ஒங்க கொழந்தயா இருந்துக்கறேன்" என்றாள். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைக் குறை சொல்லாதே. ஏழு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது.

அண்ணன் சொல்கிறார், "நாங்க பறிக்கல கலிபெக். ஒலகமே பாக்கற எடத்துல அவளே எழுதிப்போட்டுட்டா. நாலு பேர் முன்னாடி சொன்ன சொல்லு அது." வெள்ளிக்கிழமை ஆடு அறுத்து, பெரியவர்களைக் கூப்பிட்டு ஆசீர்வாதம் வாங்கி, அவளைத் தங்கள் பிள்ளையாக்கிக்கொள்ளப்போகிறார்களாம். நான் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் திருமணம் ஆகாதவள் ஒருத்தி கேட்டுக்கொண்ட வாக்கை நான் எப்படிக் காப்பாற்றுவது?

கலிபெக்


பிஷ்கேக், டிசம்பர் 14

பெர்மெட்டின் அப்பாவுக்கு,

ஷைலோ காலில் விழுந்தாவது வெள்ளிக்கிழமைக்குள் வந்திருப்பேன். உங்கள் கடிதம் கிடைத்ததே சனிக்கிழமைதான். அந்த வீட்டுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. ஆட்டை அறுத்துவிட்டார்களா? ஐயோ, என் வாயால் கேட்கிறேனே.

அடியுங்கள், திட்டுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் நம்புங்கள். அந்த வரியை டைப் செய்தபோது எலி நகரவேயில்லை. பக்கத்துச் சீட்டுப் பெண்தான், "நானும் போட்டிருக்கேன்கா, எனக்கு மூணு பிள்ளைங்க. வேலை கெடச்சதும் அழிச்சுடலாம், யாரு பாக்கப்போறா" என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பெர்மெட்டைக் கூட்டிவர ஒரு அறை வேண்டும், அறைக்கு வேலை வேண்டும், வேலைக்கு அந்த வரி வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அவளுக்காக அவளையே அழித்தேன். என்னைப்போல் முட்டாள் இந்த மலைநாட்டில் உண்டா?

கடிதம் படித்த அன்றே பக்கத்தைப் பழையபடி மாற்றிவிட்டேன். முதல் வரி, "நான் பெர்மெட்டின் அம்மா." இன்று காலை மேலாளர் அம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "பிள்ளை இருக்கறது தப்பில்லம்மா. எங்ககிட்ட பொய் சொன்னதுதான் தப்பு. வர்றவங்க பெட்டியெல்லாம் ஒங்கள நம்பித்தானே ஒப்படைக்கறோம்?" என்றார். ஐந்து நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நியாயம்தான். வேலை போனதற்கு நான் அழவில்லை. இந்தச் சின்னக் கட்டிலைப் பார்த்தால்தான் தாங்கமுடியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை இன்னொரு தடவை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவளே படிக்கட்டும். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். அதற்கப்புறம் வருகிறேன். அந்தப் பொய் வரியை மனசில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தால், என்னால் தாங்க முடியாது.

சாய்ரா


அத்-பாஷி, ஜனவரி 3

பெர்மெட்டின் அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை ஆட்டை அறுத்துவிட்டார்கள். பெரியவர்கள் கையேந்தி ஆசீர்வாதம் சொன்னார்கள். எல்லாரும் ஆமீன் சொல்லிக் கையை முகத்தில் தடவிக்கொண்டபோது நானும் தடவிக்கொண்டேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "பக்கத்த மாத்திக்கலாம் தம்பி. ஆசீர்வாதத்த எப்படிடா மாத்தறது?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். உன்னிடம் வாக்குக் கொடுத்தவன் நான். கோபத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

நேற்று அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள். "ஒன் பேரு இருக்கு" என்றதும் வந்தாள். இந்தத் தடவை நாற்காலிமேல் ஏறவில்லை. ஓரமாக நின்று படித்தாள். "நான் பெர்மெட்டின் அம்மா." இப்போதெல்லாம் எழுத்துக்கூட்டுவதில்லை, ஒரே மூச்சில் படித்துவிடுகிறாள். நீ கேட்டிருக்க வேண்டும்.

படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தாள். பிறகு சோனுன் அக்காவிடம் கேட்டாள், "போன தடவயும் இதே எடத்துலதானே அது இருந்துச்சு? இப்ப எங்க போச்சு?"

"ஒங்க அம்மா அழிச்சுட்டாங்கடி கண்ணு. அது தப்பா எழுதினது."

"அழிச்சா போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப இதுவும் போயிடுமா?"

சோனுன் அக்கா என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. அடுத்த தடவ மாத்தறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிட்டு மாத்தச் சொல்லுங்க" என்றாள். சொல்லச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

வெளியே அண்ணி காத்திருந்தாள். பிள்ளை ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, குளிருது, வீட்டுக்குப் போலாம்" என்றாள். பழகிவிட்டது. அண்ணிதான் துடித்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஷைலோ கிளம்புகிறான். வரும்போது உனக்கு முன் சீட்டை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நிற்க மாட்டேன், முன்னால் நிற்பேன். அந்தக் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு வா.

இனிமேல் திரையில் ஒன்றும் எழுத வேண்டாம், கடிதமும் வேண்டாம். நீயே வா. உன்னைப் பார்த்ததும் அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது சாய்ரா. இருந்தாலும் வா.

கலிபெக்